சீசா யார் கையில்

இந்த மருந்தகத்தில் சேரவிருக்கும் உங்கள் இருவருக்கும்,

இப்படியெல்லாம் எழுதிவைப்பது ஓய்வு பெறுகிறவர்களின் வேலை. எனக்கு அந்த வயது ஆகவில்லை. கரையான்சாவடியில் ஆறு வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் போகிறேன், அவ்வளவுதான். மருந்து இருப்புப் பட்டியல், கொதிக்கவைக்க வேண்டிய கருவிகளின் பட்டியல், பிரசவப் பையில் இருக்க வேண்டிய சாமான்களின் பட்டியல் மூன்றும் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே நடந்துகொள்ளலாம். எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விஷயம் ஆண்களுக்கு வரும் ஒரு தொல்லையைப் பற்றியது. உறவு தொடங்கும்போதே, சில சமயம் தொடங்கும் முன்பே, விந்து வெளிப்பட்டுவிடுவது. பெண்கள் மருந்தகத்தில் இதைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் ஒரு பெண் ஏறக்குறைய வாழ்விழந்து போனாள்.

அவள் பெயரைத் தனம் என்று வைத்துக்கொள்வோம், மற்றப் பெயர்களும் நான் வைத்தவையே. ஆவடி போகும் வழியில் ஒரு கிராமம். வயது இருபத்தொன்று, கல்யாணமாகி இரண்டரை வருஷம், குழந்தை இல்லை. மாமியார் கங்கம்மா அவளைக் கூட்டிவந்தாள். கூட்டிவந்தாள் என்பதைவிட முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள் என்பதே சரி. புருஷன் ஏழுமலை மாட்டுவண்டியோடு வாசலுக்கு வெளியே நின்றுகொள்வான். நம் மருந்தகத்தில் கம்பவுண்டரைத் தவிர ஆண்கள் வாசற்படி தாண்டி வருவதில்லை. விதியாக யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை.

குழந்தை இல்லாமல் வருகிற பெண்களுக்காக நானே ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தேன். பதினான்கு கேள்விகள். மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, வலி உண்டா, சிறுவயதில் என்ன நோய் வந்தது, இப்படி வரிசையாகப் போகும். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தனத்திடம் பதினான்கையும் கேட்டேன். பாதிக்குக் கங்கம்மாதான் பதில் சொன்னாள். பரிசோதித்ததில் கொஞ்சம் ரத்தசோகை இருந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. இரும்புச்சத்து மிக்சர் எழுதிக்கொடுத்து வாராவாரம் வரச்சொன்னேன்.

இந்த உலக யுத்தத்தால் சீசாவுக்குப் பஞ்சம். பழைய சீசாவைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிய மருந்து என்பது நம் ஏற்பாடு. கங்கம்மா ஒரு வாரம்கூடத் திருப்பித் தரவில்லை. "ஒடைஞ்சி போச்சு" என்பாள். மருந்தை நிறுத்த மனமில்லாமல் ஒவ்வொரு வாரமும் வேறு சீசா கொடுத்தோம்.

நம் கம்பவுண்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய் ஓயாத மனிதர், கை அதைவிட ஓயாது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒருநாள் அவர் கேட்டார்: "இன்னாம்மா, உங்க ஊட்ல பூனை வளக்கிறீங்களா, பூனையே உங்கள வளக்குதா? வாரம் ஒரு சீசா ஒடையுதே!"

"ஒடையாதா பின்ன? கண்ணாடிதானே அது?" என்றாள் கங்கம்மா.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தனம் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாவது வாரம் தனத்தின் ரத்தசோகை நன்றாகத் தேறியிருந்தது. அன்றைக்குத்தான் கங்கம்மா தன் சொந்தத் தொல்லை ஒன்றுக்காகக் கம்பவுண்டரிடம் களிம்பு வாங்க வெளியே போயிருந்தாள். தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இனிமே எனக்கு மருந்து குடுக்காதீங்க."

"ஏன், வயிற்றுக்கு ஒத்துக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சீசால்லாம் ஒடையலம்மா. அத்தை அல்லாத்தையும் கழுவி மாடத்துல வரிசையா வெச்சிக்கீறாங்க. ஊட்டுக்கு யார் வந்தாலும் காட்டுவாங்க. 'பாருங்க, இத்தினி சீசா குடிச்சிக்கீறா, ஒண்ணும் தங்கல'ன்னு. அவங்க அண்ணன் பொண்ணு ஒண்ணு வேப்பம்பட்டுல கீது. அடுத்த வாரம் வியாழக்கெழம தட்டு மாத்தப் போறாங்க."

சுவரில் விளக்கு வைக்கிற மாடத்தில் என் சீசாக்கள், வேளைக்கு எவ்வளவு என்று காட்ட வெட்டி ஒட்டிய காகிதத்தோடு வரிசையாக நின்றிருக்கின்றன. ஊரைக் கூட்டி ஒருத்தியை மலடி என்று சொல்லச் சாட்சிகள் வேண்டியிருந்தன. பன்னிரண்டு சாட்சிகளை நானே அனுப்பிவைத்திருக்கிறேன். அவள் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. தனத்துக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஓர் அண்ணன் வீடு மட்டும்தான், அங்கேயும் ஏழு பேர்.

அன்றைக்குத்தான் என் தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டேன். அவர் உன்னிடம் வரும்போது என்ன நடக்கிறது?

கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பக்கத்துல வந்ததுமே முடிஞ்சிடும்மா. உள்ள போறதே இல்ல. அப்பால செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. ரெண்டு மூணு வாட்டி அழுதுட்டாரு. அவரு கெட்டவரு இல்லம்மா."

"இதை உன் மாமியாரிடம் சொன்னாயா?"

"ஐயோ, யார் கைலயும் சொல்லாதீங்க! அவரு செத்துடுவாரு. பழி எம்மேலயே போவட்டும்."

உங்களிடம் ஒன்று சொல்லிவைக்கிறேன். இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கங்கம்மாவை உள்ளே கூப்பிட்டு ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம் என்று தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். தனம் என்னை நம்பிச் சொன்னதை நான் விற்றவளாகியிருப்பேன். அவனும் இந்த ஊரில் தலைகாட்ட முடியாதவனாகியிருப்பான். நோயாளி சொன்னது நோயாளியுடையது. நல்ல எண்ணத்தோடு எடுத்துக்கொடுத்தாலும் அது நம் சொத்தல்ல.

அவனிடம் நான் பேசலாமா என்று மட்டும் தனத்திடம் கேட்டேன். யோசித்துச் சரியென்று தலையாட்டினாள்.

கம்பவுண்டரிடம் விஷயத்தைச் சொல்லாமல், ஏழுமலையோடு பேச வேண்டும், அவன் கூச்சப்படுவான் என்று மட்டும் சொன்னேன். அவர் எதையும் கேட்கவில்லை. "மாமியாரும் மருமவளும் கோயிலாண்ட போயிட்டு வரட்டும். நான் அவர தெருப்பக்கத்து மருந்து ஜன்னலாண்ட இட்டாறேன். மூடுற பலகைய பாதி எறக்கிடுவோம். மூஞ்சி தெரியாது. மூஞ்சி தெரியலன்னா மனுசன் பேசுவான்" என்றார். வெளியே போய் வண்டியருகே நின்று அவர் அழைத்தது எனக்குக் கேட்டது: "அண்ணாத்தே, வெயில்ல மாடு மாதிரி நிக்கிறியே, மாடே நெழல்ல நிக்குது. வா, ஒரு தபா அந்த ஜன்னலாண்ட வந்துட்டுப் போ."

பலகைக்குக் கீழே எனக்கு இரண்டு கைகள்தான் தெரிந்தன. ஆவடியில் ராணுவ முகாம் கட்டுகிற வேலையில் கொத்தனார் அவன். விரல்களெல்லாம் சுண்ணாம்பில் வெந்து வெடித்திருந்தன.

என் முதல் வார்த்தையே பிசகிப்போனது. "உங்களுக்கு இருக்கிற வியாதியைப் பற்றித் தனம் சொன்னாள்" என்றேன். கைகள் சட்டென்று மறைந்தன. மூச்சு மட்டும் கேட்டது. போய்விடவில்லை.

மறுபடி ஆரம்பித்தேன். "தப்பாகச் சொல்லிவிட்டேன். இது பெரிய வியாதி இல்லை. உங்கள் முகாமில் வேலை செய்கிறவர்களிலேயே நிறையப் பேருக்கு இருக்கும். ஒருத்தரும் வெளியே சொல்ல மாட்டார்கள், அதனால் ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்."

கைகள் திரும்பி வந்தன. ஒரு கையில் காகிதப் பொட்டலம். "இத சாப்ட்டா சரியாப்பூடும்னு ஆவடி சந்தையில ஒருத்தன் குடுத்தாம்மா. நரம்பெல்லாம் செத்துப்போச்சு, இன்னும் ரெண்டு வருஷத்துல ஆளே காலின்னான்."

"சாப்பிட்டுப் பார்த்தீர்களா?"

"ஆறு மாசமா. பயந்தான் ஜாஸ்தியாச்சு."

பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ், அடிக்கடி தாகம், குடிப்பழக்கம், அடிபட்டது, இதெல்லாம் கம்பவுண்டர் தனியாகக் கேட்கட்டுமா என்று அவனைக் கேட்டுவிட்டு நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். சில கேள்விகளை ஆணே கேட்பது நல்லது. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். ஏதாவது ஒன்று இருந்திருந்தால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன். எதுவும் இல்லை என்று கம்பவுண்டர் வந்து சொன்னார்.

அப்புறம் நான் கேட்ட ஒரு கேள்விதான் வழி காட்டியது. எப்போதாவது இப்படி ஆகாமல் இருந்திருக்கிறதா?

யோசித்தான். "போன ஆடில அம்மா திருவள்ளூர் கோயிலுக்குப் போயிருந்தாங்க. ரெண்டு நாளு. அப்போ கொஞ்சம் பரவால்ல."

எல்லாம் அதில் இருந்தது. அவர்கள் வீடு ஒரே அறை. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் தாயார் படுத்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இருமும் முன்னே முடித்துவிட வேண்டும் என்ற பதைப்பிலேயே அவன் இருந்திருக்கிறான். அவசரம் பழக்கமாகிவிட்டது. பழக்கம் பயமாகிவிட்டது. பயம் இன்னும் அவசரப்படுத்தியது.

அவனிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், கூச்சமில்லாமல். முதலில் இரண்டு வாரம் உறவுக்கே முயல வேண்டாம். பக்கத்தில் இருங்கள், பேசுங்கள், தொட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எதையும் சாதிக்க வேண்டியதில்லை. அப்புறம், வரப்போகிறது என்று உடம்பு சொல்லும் அந்த நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். வேகம் தணியும்வரை மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு காத்திருந்து, மறுபடி தொடங்க வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்யச் செய்ய, எந்த இடத்தில் நிறுத்துவது என்று உடம்பு தானே கற்றுக்கொள்ளும். ஒரு நாளில் சரியாகாது. சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது ஒருநாள் மறுபடி வரும். அதற்காக இடிந்துபோகக் கூடாது. இதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் தனத்திடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும், அவளுக்கும் இதில் பாதி உண்டு. கடைசியாக, அந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத ஓர் இடம் வேண்டும்.

"கெணத்துமேட்டுல கொட்டாய் ஒண்ணு கீது. வேர்க்கடல போட்டுக்கீறோம், காவலுக்குப் போறாப்பல போலாம். ஆனா அவளையும் இட்டுகினு போனா அம்மா கேப்பாங்களே? அவ ஒடம்புக்கு நல்ல காத்து வோணும்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொல்லிடட்டா?"

சரி என்று என் வாய்வரை வந்துவிட்டது. அவ்வளவு சுலபமான வழி. அப்போதுதான் மாடத்துச் சீசாக்கள் ஞாபகம் வந்தன. அவளுக்காக என்று இன்னும் ஒரு வைத்தியம் சொன்னால், அதுவும் பதின்மூன்றாவது சீசாவாக அந்த வரிசையில் போய் நிற்கும்.

"அவளுக்கு என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு என்று சொல்லுங்கள்" என்றேன்.

கைகள் பலகை விளிம்பை இறுக்கிப் பிடித்தன. போய்விட்டான். அந்த வாரம் முழுவதும் அவன் பதிலுக்காகத்தான் மனசு காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். தட்டு மாற்ற இரண்டே நாள் இருந்தது. கங்கம்மா வரிசையில் நிற்கவில்லை, நேராக என் மேஜைக்கே வந்தாள். பின்னால் தனம், தலை நிமிரவே இல்லை.

"டாக்டரம்மா, ஒரு சீட்டு எழுதிக் குடும்மா."

"என்ன சீட்டு?"

"இவளுக்குப் புள்ள பொறக்காதுன்னு. இவ அண்ணங்காரன் நாளைக்கு நாயம் பேச வருவான். உங்க கையெழுத்து இருந்தா கம்முனு போயிடுவான்."

அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகளைத் தவிர எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. மகனைச் சொல்வது, அது முடியாது. எதுவும் எழுத மாட்டேன் என்று அனுப்பிவிடுவது. வியாழக்கிழமை தட்டு மாறிவிடும். மூன்றாவது, உண்மையிலிருந்து எனக்குச் சொல்ல உரிமை உள்ள பகுதியை மட்டும் சொல்வது.

"அப்படி எழுத முடியாது. தனத்திடம் நான் எந்தக் குறையும் காணவில்லை. வேண்டுமானால் அதை எழுதித் தருகிறேன்."

"கொற இல்லாதவளுக்கு ஏன் பன்னண்டு சீசா குடுத்தே?"

"ரத்தம் குறைவாக இருந்தது, அதற்குக் கொடுத்தேன். இப்போது சரியாகிவிட்டது. குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை முதல் வாரமே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு" என்றேன்.

"அப்போ கொற யார்கிட்ட? எம் புள்ளகிட்டயா? சொல்லு, இத்தினி பேர் மின்னால சொல்லு!"

"அம்மா, ஒருத்தர் உடம்பைப் பற்றி இன்னொருத்தரிடம் பேசுவது இங்கே வழக்கமில்லை. நீங்கள் கம்பவுண்டரிடம் வாங்குகிற களிம்பு எதற்கு என்று இங்கே யாருக்காவது தெரியுமா?"

பின்னால் ஒருத்தி, "எதுக்குடி களிம்பு?" என்று பக்கத்தில் கேட்க, இன்னொருத்தி, "உக்கார முடியலயாம்" என்று சொல்ல, சிரிப்பு பரவியது. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நியாயத்தைத்தான் சொன்னேன், ஆனால் அதைக் கல்லாக எறிந்துவிட்டேன். பிறகு ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "அந்தச் சீசாவக் குடு. போறேன்" என்றாள். கம்பவுண்டர், நான் வேண்டாம் என்று சொல்ல மறந்திருந்ததால், வழக்கம்போல தனத்துக்கான மிக்சரைக் கலந்து கூடத்துப் பக்க ஜன்னல் பலகைமேல் வைத்திருந்தார். கங்கம்மா கையை நீட்டினாள்.

அவளுக்கு முன்னால் இன்னொரு கை அதை எடுத்தது. சுண்ணாம்பில் வெடித்த விரல்கள். ஏழுமலை வாசற்படி தாண்டி உள்ளே வந்திருந்தான். எப்போது வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. முகம் முழுக்க வியர்வை.

"மருந்து எனக்கும்மா" என்றான்.

"இன்னாடா ஒளர்றே, நைனா?"

"ஒளறல. வைத்தியம் எனக்கு நடக்குது. அவளுக்கு ஒண்ணும் இல்ல. வேப்பம்பட்டுக்கு ஆள அனுப்பு, தட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிடு. நானும் அவளும் கெணத்துமேட்டுக் கொட்டாயில இருக்கப் போறோம், வேர்க்கடல புடுங்குற வரைக்கும். டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. எனக்கு."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். முகத்தை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

கம்பவுண்டர் பலகைக்கு மேலாக எட்டி, தாழ்ந்த குரலில் பதறினார்: "அண்ணாத்தே, அது அவங்க ரத்த விருத்தி மருந்து!"

"நீ கம்முனு இரு" என்றான் ஏழுமலை.

தோளில் துண்டு இருந்தது. சீசாவை அதில் சுற்றி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. எல்லாரும் பார்க்க வலக்கையில் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்து, அன்று கடைத்தெருக் கோடியில் விட்டிருந்த வண்டிவரை நடந்தான். தனம் அவன் பின்னால் போனாள். வாசற்படியில் ஒருமுறை நின்று மாமியாருக்காகக் காத்திருந்தாள். கங்கம்மா கொஞ்சநேரம் அங்கேயே நின்றுவிட்டு, யாரையும் பார்க்காமல், அவளோடு போனாள்.

"பாத்தீங்களா, டாக்டரம்மா? நம்ம ஊர்ல சீசா யார் கைல கீதோ, அவங்க மேலதான் கொற. அது தெரிஞ்சிதான் எடுத்துகினு போறான்" என்றார் கம்பவுண்டர்.

இருபது வருஷமாக இந்த ஜன்னலில் நிற்கிறவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வருஷம் படித்துவிட்டு வந்த எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேர்க்கடலை பிடுங்கி முடிந்த பிறகு தனம் தனியாக வந்தாள். இடுப்பில் ஒரு கூடை. உள்ளே வைக்கோல் பரப்பி, கழுவிக் காயவைத்த சீசாக்கள்.

"எண்ணிக்கோங்கம்மா. பன்னண்டும் கீது. அவரு எடுத்துகினு வந்தது பதிமூணு."

"மாமியார் கொடுத்தார்களா?"

"அவங்கதான் எறக்கிக் குடுத்தாங்க. மூஞ்சத் திருப்பிகினு குடுத்தாங்க."

"மாடத்தில் இப்போது என்ன இருக்கிறது?"

"வெளக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். நான் கேட்காமலேயே, "நடுவுல ஒரு வாரம் பழையபடி ஆயிடுச்சும்மா. நீங்க சொன்னத ஞாபகம் வெச்சிகினு சும்மா பேசிகினு இருந்தோம். இப்பல்லாம் அவசரமில்ல" என்றாள்.

குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறந்தது, அடுத்த வருஷம், பெண். ஆனால் குழந்தையே பிறக்காமல் போயிருந்தாலும் இந்த வைத்தியம் பலித்தது என்றுதான் குறித்திருப்பேன்.

கேள்வித்தாளில் பதினைந்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதைக் கேட்கும்போது மாமியார்களை வெளியே அனுப்பிவிடுங்கள். புருஷன் வண்டியருகே நின்றால் கம்பவுண்டரிடம் சொல்லுங்கள். பலகையை எந்த அளவுக்கு இறக்குவது என்று அவருக்குத் தெரியும்.

அலமாரியின் கீழ்த்தட்டில், இடது கோடியில், அந்தச் சீசாக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் கழுத்தில் மட்டும் சுண்ணாம்புக் கறை போகவில்லை. அதை நிரப்புகிற நாளில், பலகைமேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.